தண்ணி வேண்டாத தவளை

உக்காருங்க மேடம், இந்தப் பக்கம் ஒழுகாது. அந்த ஓரத்துல ஷீட்டுல ஓட்டை, நேரா தலையிலதான் சொட்டும். பையை அப்படியே கீழ வைக்காதீங்க. வைக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா உதறிருங்க. சும்மாதான் சொல்றேன், உதறுங்களேன். அந்தச் சைடு ஜிப்பையும் திறந்து பாத்திருங்க. ஒண்ணும் இல்லையில்ல? சரி. இனி உக்காரலாம்.

நெத்தியில கட்டுற லைட்டு பையில தொங்குறதைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீங்க தவளைக்காரங்கன்னு. நேத்து சாயங்காலம் சோலை ஓரமா நீங்க நின்னதையும் பாத்தேன். மைக்கை நீட்டிக்கிட்டு நின்னீங்க, பாவம், மழையில. ஒண்ணும் கத்தலையில்ல? கத்தாது. இனிமே அந்தப் பக்கம் கத்தாதுங்க. ஏன்னு நான் சொல்றேன், வண்டி வர்ற வரைக்கும் பொழுது போகணுமே. மத்தியான வண்டி கீழ இருந்து ஏறி வந்து, இங்கயே திரும்பி மறுபடி பொள்ளாச்சிக்குப் போயிரும். நீங்க அதுலதான் மலை எறங்கப் போறீங்க. எனக்கு அதுல ஆளு வருது. என் வீட்டுக்காரியும் புள்ளையும் வர்றாங்க.

போன மழைக்குத் தாடி வெச்ச சார் ஒருத்தர் வந்தாரே, அவரு உங்க ஆளா? உங்க வாத்தியாரா. நல்ல மனுசன். அவரு வாயைத் தொறக்காம இருந்திருந்தா எனக்கு இந்தப் பயமே வந்திருக்காது.

தப்பா எடுத்துக்காதீங்க. நான் சாதாரணமாப் பயப்படுற ஆளு கிடையாது. இந்த ஊர்ல எல்லாரும் சிறுத்தைக்குப் பயப்படுவாங்க, யானைக்குப் பயப்படுவாங்க. ஒருதரம் எங்க எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னாடி யானை வந்து சுவத்துல முதுகைத் தேச்சுக்கிட்டு நின்னுச்சு. வீடே ஆடுச்சு, ஓடு ரெண்டு உள்ள விழுந்துச்சு. நான் உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். யானைன்னா தெரியும். வரும், இடிக்கும், போயிரும். நான் பயந்தது கட்டைவிரல் நகம் அளவு இருக்கிற ஒண்ணுக்கு. சிரிக்காதீங்க. நீங்களும் சிரிச்சா எப்படி.

டிக் டிக் டிக்னு கத்துமே. நாக்கை மேலண்ணத்துல ஒட்டி ஒட்டி எடுக்கிற மாதிரி. நான் இந்த எஸ்டேட்லயே பொறந்து வளர்ந்தவன், பேரு உலகநாதன், எல்லாரும் உலகுன்னுதான் கூப்பிடுவாங்க. சின்னதுல இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கேன், ஆனா கேட்டதே இல்லை, புரியுதா? மழைன்னா அதுல ஒரு சத்தம் இருக்கும்னு விட்டிருவோம். உங்க சாரு வந்துதான் அதைக் காதுல ஏத்தி விட்டாரு. டீக்கடையில உக்காந்து போன்ல போட்டோ காட்டினாரு. பச்சையா, கண்ணுல ஒரு தங்கக் கோடு. இது ரொம்ப அரிதுங்க, இந்தச் சோலையை விட்டா வேற எங்க இருக்குன்னே தெரியலைங்கன்னாரு. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. கடைக்காரர் அவருக்கு டீக்குக் காசு வாங்கலை.

அப்புறந்தான் அதைச் சொன்னாரு. இந்தத் தவளைக்குத் தண்ணியே வேண்டாம்னாரு. குளம் வேண்டாம், குட்டை வேண்டாம். பாசிக்குள்ள, சருகுக்கு அடியில முட்டை வைக்குமாம். தலைப்பிரட்டை கிடையாதாம். வாலு கிடையாது, நீச்சல் கிடையாது. முட்டையை உடைச்சுக்கிட்டு நேரா தவளையாவே வெளிய வந்திருமாம். எல்லாரும் அட அப்படியான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் மட்டும் டீயைப் பாதியில வெச்சிட்டு எந்திரிச்சு வந்திட்டேன்.

நீங்க மெட்ராஸா? அப்ப உங்களுக்குத் தெரியாது. தண்ணியில இருக்கிறது தவளை. தண்ணி இல்லாம சுவத்துல, பொந்துல, கல்லுக்குள்ள கெடந்து உசுரோட இருக்குதே, அது தவளை இல்லைங்க. அது தேரை. ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தென்னையில தேரை விழுந்த காயை உடைச்சுப் பாத்திருக்கீங்களா? மேல மட்டை நல்லா இருக்கும், உள்ள பருப்பு இருக்காது. வத்திப் போயிருக்கும். புள்ளை மேல பாஞ்சாலும் அதே கதைதான். மொதல்ல தொடை சூம்பும். அப்புறம் விலா எலும்பு தெரியும். தலை மட்டும் பெருசா நிக்கும். எங்க மாமா மகன் ஒருத்தன் அப்படித்தான் போனான், நான் பாத்திருக்கேன். உங்க சாரு படிச்சவரு, அவருக்குத் தவளை, தேரை எல்லாம் ஒண்ணுதான். புள்ளை குட்டி இல்லாத ஆளா இருக்கும்.

எனக்குப் புள்ளை இருக்குங்க. பேரு கவிநிலா. கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்தது, அது வேற கதை. அப்ப அவளுக்குத் தவழுற வயசு. என் வீட்டுக்காரி வளர்மதி தேயிலைக் கொளுந்து எடுத்திட்டு வந்து, சாயங்காலம் வெந்நி வெச்சு, காலை நீட்டி உக்காந்து புள்ளையைக் கால் மேல போட்டுக் குளிப்பாட்டுவா. நான் பக்கத்துல சொம்பு எடுத்துக் குடுப்பேன். ஒருநாள் நல்ல சாரல். சுவத்துல இருந்து ஒண்ணு பாஞ்சுச்சு. நேரா வந்து புள்ளை வயித்துல உக்காந்துச்சு. பச்சை. தங்கக் கோடு போட்ட கண்ணு. என்னையே பாத்துச்சு.

புள்ளை அழுதிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். சிரிச்சா. கையைத் தட்டிச் சிரிச்சா. வளரு ஒரு விரலால அதைச் சுண்டி விட்டிட்டு அவ பாட்டுக்குச் சோப்பு போட்டுக்கிட்டு இருக்கா. பைப்புல தண்ணி பிடிச்சிட்டிருந்த பரிபூரணம் அக்காதான் பாத்திட்டு, குடத்தை அப்படியே வெச்சிட்டு வந்துச்சு. பக்கத்து வீடு, நல்ல அக்கா. மெதுவாத்தான் சொல்லுச்சு.

"ஏம்ப்பா உலகு, அது தவளை இல்லப்பா. தேரை பாஞ்சிருக்கு. புள்ளையைப் பாத்துக்க."

அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க.

மறுநாளே புள்ளைக்கு வயித்தால போச்சு. வளரு சொல்றா, பல்லு முளைக்குது, எல்லாப் புள்ளைக்கும் போறதுதான்னு. பல்லு முளைச்சது நெசந்தான், வெள்ளையா ரெண்டு எட்டிப் பாத்துச்சு. ஆனா எனக்குத் தெரியும் இல்ல? நான் தொடையைத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். சூம்புதான்னு. நூலை வெச்சு அளந்துகூடப் பாத்தேன். வளரு சிரிச்சா. சாயங்காலமானா அந்தச் சத்தம். டிக் டிக் டிக். சுவத்துக்கு அந்தப் பக்கம் பாறைச் சரிவு, அதுல பெரணிச் செடி, பாசி, அதுல இருந்து வரும். மொதல்ல ஒண்ணு கத்தும், அப்புறம் இன்னொண்ணு. என் புள்ளையை எண்ணிக் கழிக்கிற மாதிரி இருந்துச்சுங்க எனக்கு.

என் கையில என்ன இருக்கு? யோசிச்சுப் பாருங்க. மந்திரிக்கிறவன்கிட்ட ஓடலை, கோழி அறுக்கலை, நான் அந்த மாதிரி ஆளு இல்லை. நான் எஸ்டேட்ல மருந்தடிக்கிறவன். முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு நாள் பூரா அதுதான் வேலை. என் கை ஒரு பதமான கை, எங்க சூப்பர்வைசரே சொல்லுவாரு, இலைக்கு மேலயும் அடியிலயும் உலகு அடிச்சாத்தான் சமமா விழும்னு. மத்தவங்க மூஞ்சியில துணி கட்டிப்பாங்க. எனக்கு அதெல்லாம் கட்டுனா மூச்சு முட்டும். பழகிப்போச்சு. சாயங்காலம் டேங்குல மிச்சம் இருக்கிறதைக் கொட்டிக் கழுவச் சொல்லுவாங்க. கொட்டுவானேன், வீட்டுக்குக் கேன்ல கொண்டு போனேன். தேயிலையில அத்தனை பூச்சியையும் சுருட்டிப் போடுது. ஒரு தேரையைப் போடாதா?

மொதல்ல வெளிச்சுவரு, பெரணி, சாக்கடை, அவ்வளவுதான் அடிச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. எனக்கு அழுகையே வந்துச்சுங்க, சந்தோசத்துல. அடுத்த நாள் வாசக்கால்ல அடிச்சேன், ஜன்னல்ல அடிச்சேன், ஓட்டுக்கு அடியில, கட்டிலுக்கு அடியில அடிச்சேன். துணியை மருந்துல நனைச்சு, தொட்டில் கட்டுற கயித்தை மேல இருந்து கீழ வரைக்கும் துடைச்சு விட்டேன். உத்தரத்துல இருந்து கயிறு வழியா எறங்கிறக் கூடாதில்ல. ஜன்னலை எல்லாம் சாத்தி, சந்துல கிழிஞ்ச சாக்கைத் திணிச்சு வெச்சேன். வெளியில இருந்து ஒரு பூச்சி உள்ள வராது. உள்ள அடிச்சது வெளிய போகாது. வேலைன்னா அப்படிச் செய்யணும்.

அன்னைக்குப் புள்ளை எப்படித் தூங்குனாங்கிறீங்க. ஆடலை, அசையலை. வாயில எச்சி ஒழுக ஒழுகத் தூங்குனா. வளரு எழுப்பிப் பால் குடுக்கப் பாத்தா, உறிஞ்ச மாட்டேங்குது. தூங்கட்டும் விடும்மா, பாவம் இத்தனை நாளா அந்தச் சத்தத்துல தூங்கியிருக்காதுன்னேன்.

அதுக்கப்புறந்தான் தேரை தன் வேலையைக் காட்ட ஆரம்பிச்சுச்சு. நாம எதுத்து நின்னா அது சும்மா இருக்குமா? புள்ளைக்கு வயித்தால நிக்கவே இல்லை. எச்சி நிக்கலை. உடம்பு சில்லுன்னு வேர்த்துக் கெடக்கும், மழைக்குளிர்ல. கண்ணுமணி சுருங்கிக் கடுகு மாதிரி ஆயிருச்சு. தவழ்ந்த புள்ளை தவழலை. கன்னம், உதடு எல்லாம் தானா துடிக்கும். பரிபூரணம் அக்கா வந்து பாத்திட்டு, புள்ளை நெத்தியில திருநீறு பூசிட்டுப் போயிருச்சு. அக்கா வீட்டுப் பூனை எங்க கட்டிலுக்கு அடியில வந்து படுக்கும், அதுவும் ஒருநாள் நுரை தள்ளிச் செத்துக் கெடந்துச்சு. பூனை மேலயும் பாஞ்சிருக்கு, பாருங்க. எவ்வளவு தைரியம் அதுக்கு. நான் அன்னைக்கு மருந்தை ரெட்டை அளவாக் கலந்தேன்.

கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அதுல எல்லாம் நான் குறை வைக்கலை. டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாத்தான் கேட்டாங்க. புள்ளைக்கு ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா, நாட்டு மருந்து, கை மருந்து, எதையும் மறைக்காம சொல்லுங்கன்னாங்க. "ஒரு சொட்டு மருந்துகூட எங்க புள்ளை வாயில படலைங்க"ன்னேன். சத்தியமாச் சொன்னேன். அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏத்தி, வார்டுல வெச்சிருந்தாங்க. அங்க போனதும் புள்ளை தெளிஞ்சிருச்சு. பால் குடிக்கிறா, என் மீசையைப் பிடிச்சு இழுக்கிறா. வளருகிட்ட சொன்னேன், பாத்தியா, டெட்டால் வாடைக்கு அது இங்க வராதுன்னு. வீட்டுக்கு வந்தோம். வந்த அன்னைக்கே மறுபடி எச்சி ஒழுக ஆரம்பிச்சிருச்சு.

பயமா இருந்துச்சுங்க. எப்படிச் சொல்றது. மலை மேல தனியாப் போற பயம் இல்லை இது. வீட்டுக்குள்ள, சாத்தின கதவுக்குள்ள, என் கண்ணு முன்னாடி என் புள்ளையை ஒண்ணு தின்னுக்கிட்டு இருக்கு. நான் முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன், பக்கத்துலதான் இருக்கேன், எனக்கு அது தெரிய மாட்டேங்குது. கையை வெச்சுப் புள்ளை மூச்சைப் பாப்பேன். வருதான்னு. வந்தாலும் பயம், அடுத்த மூச்சு வருமான்னு.

வளருதான் ஒருநாள் துணியை எல்லாம் மூட்டை கட்டிட்டா. அவளுக்கும் தலைவலி, வாந்தி, கண்ணு எரியுதுன்னு கொஞ்ச நாளாவே சொல்லிக்கிட்டு இருந்தா. இந்த நாத்தத்துல மனுசன் இருப்பானான்னு சண்டை. நாத்தமாம். இந்த எஸ்டேட்ல மருந்து நாத்தம் இல்லாத இடம் எது சொல்லுங்க. போறப்ப வாசல்ல நின்னு சொன்னா.

"புள்ளையை நான் எங்கம்மா வீட்டுக்குக் கொண்டுபோறேன். இந்த வீட்டுக்குள்ள என்னமோ இருக்குங்க."

நானும் அதைத்தானம்மா சொல்றேன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்திட்டுப் போயிட்டா. ஒரே விசயத்தைத்தான் ரெண்டு பேரும் சொல்றோம், அதுக்கு எதுக்குக் கோவம்னு எனக்குப் புரியலை.

அவங்கம்மா வீடு கீழ, ஆனைமலைப் பக்கம். வெயில் காயிற ஊரு. அங்க போய்ப் புள்ளை எந்திரிச்சு உக்காந்திருச்சு. வீடியோ கால்ல காட்டுவா. நிக்கிறா, சுவத்தைப் பிடிச்சிட்டு நடக்கிறா, தொடையில மடிப்பு விழுந்திருச்சு. பாத்தீங்களா? இதுக்கு மேல என்ன ருசு வேணும்? கீழ சோலை கிடையாது, பாசி கிடையாது, தேரை எறங்கி வர முடியாது. புள்ளை பொழைச்சுக்கிச்சு. அப்ப நான் செய்ய வேண்டியது ஒண்ணுதான். புள்ளை திரும்பி வர்றதுக்குள்ள இங்க ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது.

சோலை ஓரம் பூரா அடிச்சேன். நீங்க நேத்து நின்னீங்களே, அந்த ஓடைக்கரை, அந்தப் பெரிய பாறை, எல்லாம். சாயங்காலம் சத்தம் எங்க கேக்குதோ அங்க அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டு வெச்சிட்டு வருவேன், காலையில போய் அடிப்பேன். ஒவ்வொரு பக்கமா சத்தம் அடங்குச்சு. சருகைக் கிளறிப் பாத்தா மல்லாந்து கெடக்கும். வயிறு வெளுத்துப்போய். குட்டிங்க இருந்துச்சுங்க, அரிசி அளவு. உங்க சாரு சொன்னது நெசந்தான், வாலு இல்லை. கையி, காலு, விரலு, கண்ணு, எல்லாம் முழுசா.  என்னமோ பொறந்த புள்ளைங்க மாதிரி இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் முட்டை மேலயே உக்காந்திருந்துச்சு. டேங்கைப் பாத்தும் ஓடலை. சருகைத் தூக்கினேன், ஓடலை. குச்சியால தட்டினேன், கொஞ்சம் நகர்ந்து மறுபடி முட்டை மேலயே ஏறி உக்காந்துக்கிச்சு. அது மேலயே அடிச்சேன். அப்பவும் எந்திரிக்கலைங்க. அப்படியே இருந்து அப்படியே போச்சு. தாயி போலன்னு நெனச்சேன்.

என்னது? ஆம்பளையா? அப்பன்தான் காவல் இருக்குமா?

எனக்கு அது தெரியாது.

சரி, விடுங்க. உங்களுக்கு வருத்தமா இருக்கும், தெரியுது, மூஞ்சியே மாறிப்போச்சு. இவ்வளவு தூரம் அதைத் தேடி வந்திருக்கீங்க. வேற சோலையில எங்கயாச்சும் இருக்கும், தேடிப் பாருங்க. எனக்கும் அதுங்க மேல தனிப்பட்ட கோவம் எதுவும் இல்லை. என் புள்ளை மேல பாயாம இருந்திருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும்.

இப்பச் சுத்தமா அடங்கிருச்சு. ஆனா பயம் மட்டும் போக மாட்டேங்குது. இந்தக் கையைப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு. டீ கிளாஸைப் பிடிக்க முடியலை. நெஞ்சு படபடன்னு அடிக்குது, சோறு தங்க மாட்டேங்குது, கண்ணுல தண்ணியா ஊத்துது, பகல்லயே மங்கலாத் தெரியுது. எல்லாம் பயந்தான். பயம் மனுசனை இந்தப் பாடு படுத்தும்னு எனக்குத் தெரியாது. அவங்க வந்திட்டா சரியாயிரும்.

வளரு வரவே மாட்டேன்னா. வேலைக்கு லீவு முடிஞ்சுபோச்சு, ரிஜிஸ்டர்ல இருந்து பேரை எடுத்திருவாங்க, அதனாலதான் வர்றா. வீட்டைச் சுத்தமா வெச்சிருந்தாத்தான் உள்ள காலை வைப்பேன்னு போன்ல கண்டிசனாச் சொல்லிட்டா. சுத்தம்னா சுத்தம், அப்படி ஒரு சுத்தம் பண்ணியிருக்கேன். நேத்தும் இன்னைக்கும் இதே சட்டையோட அதான் வேலை. தரை, சுவரு, கட்டில், பாய், தலகாணி, ஒண்ணு விடலை. தொட்டில் சேலையை இந்தத் தடவை கயிறோட சேத்து முக்கி எடுத்துக் காயப் போட்டிருக்கேன். புள்ளையோட சட்டை நாலஞ்சு இங்க கெடந்துச்சு, அதையும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியே வெச்சிருக்கேன், வீரியம் போயிறக் கூடாதுன்னு. ராணி மாதிரி வந்து படுக்கலாம் என் பொண்ணு.

என்ன மருந்தா? பேரு எல்லாம் எனக்கு வாயில வராதுங்க. டப்பாவுல மண்டையோடு போட்டிருக்கும். செவப்பா ஒரு முக்கோணம்.

என்ன சொல்றீங்க?

இல்லைங்க. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. மருந்து தேரைக்கு அடிச்சதுங்க. புள்ளை மேலயா அடிச்சேன்? என் புள்ளை மேல நான் அடிப்பேனா? அவ இருக்கிறப்ப குழாயை அவ பக்கம் திருப்பினதுகூடக் கிடையாது. அடிச்சிட்டு, தரை காய்ஞ்ச பொறவுதான் பாயை விரிக்கவே சொல்லுவேன். மெதுவாப் பேசுங்க மேடம், எதுக்குக் கையைப் பிடிக்கிறீங்க. நீங்க தவளை படிச்சவங்க. தவளையைப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். என் புள்ளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா? நான் பக்கத்துலயே இருந்து பாத்தவன்.

ஹாரன் கேக்குது பாருங்க. வந்திருச்சு. கடைசி வளைவுல அடிக்கிறான்.

அதோ, முன் சீட்டுல, மஞ்சச் சேலை. அவதான் வளரு. மடியில பாருங்க, எங்கிட்ட கைய நீட்டுறா பாருங்க, கண்டுபிடிச்சிட்டா, இத்தனை நாளாகியும் அப்பனை மறக்கலை. எவ்வளவு குண்டாயிட்டா. வளரு, மெதுவா எறங்கும்மா, படி வழுக்கும். பையை எங்கிட்டக் குடு.

மேடம், நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க, பின் வாசல்ல. அவங்க எறங்கட்டும். எதுக்கு அவகிட்ட ஓடுறீங்க? நீங்க யாருன்னே அவளுக்குத் தெரியாது. மேடம். என்ன சொல்றீங்க அவகிட்ட? எங்க வீட்டு விசயத்தை நான் ஏதோ மனசு விட்டுச் சொன்னா, அதை அவகிட்டப் போய்...

வளரு, அந்தம்மா சொல்றதைக் கேக்காத. தவளை போன கோவத்துல பேசுறாங்க. நீ எறங்கு. ஏன் அங்கயே நிக்கிற? கண்டக்டர், ஒரு நிமிசம் இருங்க, விசில் அடிக்காதீங்க, ஆளு எறங்கணும். புள்ளையையாச்சும் எங்கிட்டக் குடு. அழுவுறா பாரு, எங்கிட்ட வரணும்னு அழுவுறா. வீடு தயாரா இருக்கும்மா. ஒண்ணுகூட மிச்சம் இல்லை. நீ சொன்ன மாதிரியே சுத்தமா இருக்கு.

ஏம்மா பின்னாடி போற? ஏன் புள்ளை மூஞ்சியை முந்தானையால மூடுற? நான் என்ன சிறுத்தையா? வளரு, என்னைப் பாரு. ஏன் என் சட்டையையே அப்படிப் பாக்கிற?

என் மேல ஏதாச்சும் உக்காந்திருக்கா?